பந்தயப் புறாக் குஞ்சுகளுக்கு நோய் வந்தால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

சென்ற ஐப்பசியில் பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடிக் கூண்டில் ஹோமர் என்ற பந்தய வகைப் புறாவின் 16 குஞ்சுகள் இருந்தன. கார்த்திகை பிறந்தபோது மிஞ்சியவை 10. அந்த மூன்று வாரமும் நான் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த மஞ்சள் பொடியை மூன்று நாள் தண்ணீரில் கலந்தேன். அது கேட்கவில்லை என்றதும் தெரிந்தவர் ஒருவர் சொன்ன மாத்திரையை இரண்டு நாள் கொடுத்தேன். பிறகு இன்னொரு கடையில் இன்னொரு பொட்டலம். ஆறாவது குஞ்சு இறந்த பிறகுதான் அதை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போனேன். குடலில் காக்ஸிடியா ஒட்டுண்ணி, தொண்டையில் கேங்கர் என்னும் இன்னோர் ஒட்டுண்ணி நோய் என்று தெரிந்தது. நான் கொடுத்த மூன்று மருந்தில் ஒன்றுகூட இவ்விரண்டுக்கும் உரியதாக இருக்கவில்லை.

முதல் குஞ்சு சோர்ந்த அன்றே அதோடு ஒரு டப்பா எச்சத்தையும் கொண்டுபோயிருந்தால் நூறு ரூபாய்க்குள் விடை கிடைத்திருக்கும். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மருந்துக்கு முன்னால் பரிசோதனை.

தாயிடமிருந்து பிரித்த 28-30 நாள் முதல், முதல் பயிற்சிக் கூடையில் (தொலைவில் கொண்டுபோய்ப் பறக்கவிடுவதற்கான கூடை) ஏற்றும் நான்கு, ஐந்து மாதம் வரை உள்ள குஞ்சுகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தாய்ப்பால் போல ஊட்டப்பட்ட இரை நின்றுபோய், புதிய கூண்டு, புதிய கூட்டம், புதிய தீவனம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும் இந்தக் காலத்தில்தான் அவை எளிதில் விழுகின்றன.

1. குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தால் புறாவின் நோய் தெரியாது. கூட்டத்தில் பலவீனத்தைக் காட்டிக்கொண்டால் வேட்டைப் பறவைக்கு இரையாகிவிடும் என்பதால், முடிந்தவரை மறைத்துக்கொண்டேதான் இருக்கும். சிறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் ஏற்கெனவே இரண்டு மூன்று நாள் பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இரை போடுவதற்கு முன் பாருங்கள். கழுத்தின் கீழே, மார்புக்கு மேலே இரை தங்கும் பையான இரைப்பையை விரல்களால் மெல்லத் தடவுங்கள். முந்தின மாலை தின்ற தானியம் காலைக்குள் இறங்கியிருக்க வேண்டும். களிமண் உருண்டை போலவோ, தண்ணீர் நிரம்பிய பலூன் போலவோ இருந்தால் செரிமானம் நின்றுவிட்டது. அடுத்து அலகைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தொண்டை இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் பாலாடைக்கட்டி போன்ற படிவு இருந்தால் கேங்கராக இருக்கக்கூடும். அலகின் வாடையையும் முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றம் நல்லதல்ல.

பிறகு மார்பெலும்பு. நலமான குஞ்சுக்கு அதன் இரு பக்கமும் சதை திரண்டிருக்கும். கத்தி முனை போல எலும்பு துருத்தினால் எடை இறங்கிவிட்டது. விரல் கணக்கை நம்பாமல் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு குஞ்சையும் சிறு பெட்டியில் வைத்து எடை பார்த்து, கால் வளைய எண்ணுக்கு நேரே எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக எச்சம். நல்ல எச்சம் பழுப்பும் பச்சையும் கலந்த உருண்டை, அதன் மேல் சுண்ணாம்பு தொட்டது போல வெள்ளை. பக்கத்தில் ஒரு சிறு தூவி ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் பச்சை எச்சம். பச்சை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பறவை சாப்பிடாமல் இருந்தாலே பித்தநீர் இறங்கி எச்சம் பச்சையாகும். “பச்சைக் கழிச்சலுக்கு மருந்து கொடுங்கள்” என்று கடையில் கேட்பது, மருத்துவரிடம் போய் “காய்ச்சலுக்கு ஏதாவது கொடுங்கள்” என்பது போலத்தான்.

2. அதே மணியில் பிரித்து வையுங்கள்

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் இரவு கூட்டத்தோடு விட்டால், பொதுத் தண்ணீர்ப் பாத்திரம் வழியாக மற்றவற்றுக்கும் போய்விடும். ஓர் அட்டைப்பெட்டி போதும். அடியில் செய்தித்தாள், அதன் மேல் சிறு கண் கம்பி வலை. எச்சம் வலைக்குக் கீழே விழுவதால் குஞ்சு அதை மிதிக்காது, நீங்களும் தாளில் எச்சத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். மழைக்காலத்திலும் மார்கழியிலும் பெட்டியின் ஒரு பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். மறுபக்கம் வெப்பம் இல்லாமல் இருக்கட்டும், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் பல்பு வேண்டாம். நிழலும் காற்றும்தான் வேண்டும்.

இரைப்பை இறங்கவில்லை, அல்லது வாந்தி எடுக்கிறது என்றால் 24 மணி நேரம் தானியத்தை நிறுத்துங்கள். மனசு கேட்காமல் வாயைத் திறந்து பட்டாணி திணிப்பவர்கள் உண்டு. நானும் திணித்தேன். செரிக்காத இரைப்பையில் தானியம் ஊறிப் புளிக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து வையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மறுநாள் இரைப்பை காலியாகிவிட்டால் நெல், தினை, கொஞ்சம் கோதுமை என்று இலேசான இரையாக, வழக்கத்தில் கால் பங்கு மட்டும் போடுங்கள். மக்காச்சோளமும் பட்டாணியும் இன்னும் சில நாள் பொறுக்கட்டும்.

தண்ணீர் குடிக்காத குஞ்சுக்கு அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாக்கின் பின்கோடியில், அது தொண்டையோடு சேரும் இடத்தில் நடுவே தெரியும் சிறு துளை மூச்சுக்குழாய். பீச்சாங்குழலை அவசரமாக அழுத்தினால் தண்ணீர் அதில் இறங்கி, நோயால் சாகாத குஞ்சு உங்கள் கையில் செத்துவிடும். குழாய் வைத்து இரைப்பைக்குள் விடும் முறையை எழுத்தில் படித்துச் செய்யாதீர்கள். அனுபவமுள்ளவர் ஒருவர் செய்வதை நேரில் பார்த்த பிறகு செய்யுங்கள்.

3. எச்சத்தைச் சேகரிக்கும் முறை

எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் பரிசோதனையில் கிருமி மறைந்துகொள்ளலாம்.

மாலையில் பெட்டிக்குள் சுத்தமான பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். காலையில் புதிய எச்சத்தை மட்டும், மருந்துக்கடையில் விற்கும் மூடி போட்ட மாதிரி டப்பாவில் எடுங்கள். காய்ந்தது, மணல் கலந்தது வேண்டாம். கூண்டில் மற்றவை நலமாகத் தோன்றினாலும் அவற்றின் எச்சத்தையும் வேறொரு டப்பாவில் எடுங்கள். காக்ஸிடியாவும் புழு முட்டைகளும் தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. மூன்று நாள் எச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தால் விடை இன்னும் நம்பகமாக இருக்கும். ஆனால் குஞ்சு விழுந்து கிடக்கும்போது மூன்று நாள் காத்திராமல் அன்றைய எச்சத்தோடு கிளம்புங்கள். போகும்வரை குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறைய வைக்கக் கூடாது.

கேங்கர் சந்தேகம் இருந்தால் எச்சம் உதவாது, குஞ்சையே உயிரோடு கொண்டுபோக வேண்டும். தொண்டையிலிருந்து ஈரப் பஞ்சில் எடுத்ததைச் சில நிமிடங்களுக்குள் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அந்த ஒட்டுண்ணி நீந்துவது தெரியும். ஆறிப்போனால் அசைவு நின்றுவிடும், “ஒன்றும் இல்லை” என்று தவறான விடை வரும். எனக்கு மருத்துவர் அதைக் காட்டினார். ஒரு சொட்டு நீரில் பேரிக்காய் வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு உயிர்கள் வால் துடிக்கச் சுழன்றன. அதுவரை கேங்கர் என்பது எனக்கு வெறும் மஞ்சள் படிவாகத்தான் இருந்தது.

4. எங்கே போவது, என்ன எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும்

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டங்களில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய்ப் புலனாய்வுப் பிரிவில் எச்சப் பரிசோதனையும் இறந்த பறவைப் பரிசோதனையும் செய்கிறார்கள். புறா என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கோழி நோய் படித்த மருத்துவருக்குப் புறா நோய் அந்நியமல்ல. தனியாரிடம் போவதானால் “பறவைகள் பார்ப்பீர்களா” என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். பதிவுச் சீட்டு, வரிசை, மாதிரியை ஆய்வகத்தில் கொடுப்பது, முடிவோடு மறுபடி மருத்துவரைப் பார்ப்பது என்று எனக்கு அரை நாள் ஆனது. பத்து மணிக்கு மேல் போனால் அதே வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போகலாம்.

எடுத்துப்போக வேண்டியவை: குஞ்சின் வளைய எண், பொரித்த தேதி, எடை எல்லாம் எழுதிய நோட்டு, ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் உறைகள், ஒன்று விடாமல், தடுப்பூசி போட்ட தேதி, முந்தின இரண்டு நாள் எச்சத்தின் செல்பேசிப் படம், எச்ச டப்பாக்கள், அவற்றின் மேல் தேதி. “ஏதோ மஞ்சள் பொடி கொடுத்தேன்” என்று நான் சொன்னபோது மருத்துவர் உறையைக் கேட்டார். தூக்கிப் போட்டுவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் அவர் புதிய மருந்து எழுதத் தயங்கினார்.

குஞ்சை மூடிய, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் கொண்டுபோங்கள். பக்கத்தில் நாயும் பூனையும் உட்கார்ந்திருக்கும் காத்திருப்பு அறையில் கம்பிக்கூண்டு குஞ்சை மிரட்டிவிடும்.

செலவு, என் நோட்டில் உள்ளபடி: எச்சப் பரிசோதனை நூறு ரூபாய்க்குள் முடிந்தது. எந்த நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்யும் என்று கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு 450 ரூபாயும் நான்கு நாளும் ஆயின. பின்னொரு முறை தனியார் மருத்துவரிடம் 600 ரூபாய் கொடுத்தேன். மருந்துகளுக்கு 280. இவை இடத்துக்கு இடம் மாறும். பரிசோதிக்காமல் கடைகளில் கொட்டிய பணம் 2,300 ரூபாய் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

5. எந்த நோய் எப்படித் தோன்றும்

இந்தப் பகுதி நீங்களே நோயைத் தீர்மானிப்பதற்காக அல்ல. எவ்வளவு அவசரம், மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

குஞ்சு நோய். புறாக்காரர்கள் பொதுவாக இப்படித்தான் சொல்கிறார்கள். இரைப்பை இறங்காமை, வாந்தி, பச்சைத் தண்ணீர்க் கழிச்சல், விரைவான எடை இழப்பு. இது ஒரே கிருமியால் வருவதல்ல. அடினோ, சர்கோ, ரோட்டா ஆகிய வைரஸ்கள், அவற்றின் மேல் ஏறிக்கொள்ளும் ஈ.கோலை பாக்டீரியா, இவற்றுக்கெல்லாம் கதவு திறந்துவிடும் நெருக்கடியும் களைப்பும். வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. வெப்பம், உப்புச்சர்க்கரை நீர், இலேசான இரை ஆகியவைதான் சிகிச்சையின் முதுகெலும்பு. நுண்ணுயிர்க்கொல்லி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். கூண்டு முழுக்க ஒரு வாரத்தில் பரவிவிடக்கூடியது என்பதால் முதல் வாந்தியைக் கண்ட அன்றே செயல்பட வேண்டும்.

கேங்கர். தாய் தந்தையரிடமிருந்தே இரை ஊட்டும்போது குஞ்சுக்கு வருகிறது. பிறகு தண்ணீர்ப் பாத்திரம் வழியாகப் பரவுகிறது. பெரிய புறாக்கள் நோயில்லாமலே அதைச் சுமக்கும். அதனால் குஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு ஜோடிகளை விட்டுவிட்டால் அடுத்த பொரிப்பிலும் வரும். மஞ்சள் படிவைக் குச்சியால் சுரண்டி எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அடியில் ரத்தக்குழாய் அறுந்து குஞ்சு இறந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். மருந்து வேலை செய்தால் படிவு தானே உதிரும்.

காக்ஸிடியா. சோர்வு, இளகிய எச்சம், எடை ஏறாமை. கோழியில் போல ரத்தம் தெரிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். புறாவில் பெரும்பாலும் தெரியாது. எச்சத்தில் வெளியேறும் முட்டை ஓரிரு நாள் ஈரத்தில் கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் கூண்டைச் சுரண்டிக் காயவைத்தாலே பாதி சிகிச்சை முடிந்தது. ஐப்பசி மழையில் என் கூண்டின் ஒரு மூலை ஒழுகிக்கொண்டிருந்தது. இரவில் குஞ்சுகள் ஒண்டிய மூலையும் அதுதான்.

பாராமிக்ஸோ. இதுவும் வைரஸ் நோய். எச்சத்தைச் சுற்றிக் குளம் போலத் தண்ணீர், நடுவில் சிறிது உருண்டை. பிறகு தலை நடுக்கம், கழுத்து முறுக்கிக்கொள்வது, தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தியும் பக்கத்தில் தரையைக் கொத்துவது. மருந்து இல்லை. ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டது என்று உடனே கழித்துவிடாதீர்கள். ஆழமான கிண்ணத்தில் நிறைய தானியம் வைத்து, தனியாக அமைதியாக வைத்திருந்தால் பல குஞ்சுகள் சில வாரங்களில் தேறுகின்றன. தேறிய பிறகும் கொஞ்ச நாள் கிருமியைப் பரப்பலாம் என்பதால் கூட்டத்தில் சேர்க்க அவசரம் வேண்டாம்.

சால்மோனெல்லா. சிறகு மூட்டு வீக்கம், நொண்டல், சில நேரம் இதிலும் கழுத்து முறுக்கும். பாராமிக்ஸோவா இதுவா என்று கண்ணால் சொல்ல முடியாது, பரிசோதனைதான் வழி. மனிதருக்கும் தொற்றும்.

ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து மூக்குத் தோல் சாம்பல் நிறமானால் சிட்டகோசிஸ் என்ற நோயையும் மருத்துவர் யோசிப்பார். இதுவும் மனிதருக்குத் தொற்றக்கூடியது. உங்களுக்கு அதே வாரம் காய்ச்சலும் இருமலும் வந்தால், புறா வளர்க்கிறேன் என்பதை உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அம்மை. கொசு கடித்துப் பரவுகிறது. இமை, அலகு ஓரம், கால்களில் கொப்புளம், பிறகு பொருக்கு. மூன்று, நான்கு வாரத்தில் தானே உதிரும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. வாய்க்குள் வந்து இரை எடுக்க முடியாமல் போனால் மட்டும் ஓடுங்கள். கூண்டுக்குக் கொசுவலை அடிப்பது எல்லா மருந்தையும்விட மலிவு.

6. மருந்து கொடுக்கும்போது

மருத்துவர் பெரும்பாலும் எடைக்கு இவ்வளவு என்று எழுதுவார். கணக்கை நீங்கள் போட வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாகச் சீட்டில் கிலோவுக்கு 50 மி.கி. என்று இருக்கிறது, உங்கள் குஞ்சு 350 கிராம். அப்படியானால் ஒரு வேளைக்கு 17.5 மி.கி. 200 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து 20 மி.லி. தண்ணீரில் கலந்தால் 1 மி.லி.யில் 10 மி.கி. இருக்கும். ஆக 1.75 மி.லி. கொடுக்க வேண்டும். மாத்திரைப் பொடி அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே பீச்சாங்குழலில் எடுங்கள். இந்தக் கணக்கை மருத்துவரிடமே ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். “கால் மாத்திரை போடு” என்று 300 கிராம் குஞ்சுக்கும் 480 கிராம் புறாவுக்கும் ஒரே அளவைச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

குடிநீரில் கலந்து கொடுக்கும் முறை கூட்டத்துக்கு வசதி. ஆனால் நோயுற்ற குஞ்சு குடிப்பதே குறைவு, அதற்குப் போய்ச் சேரும் மருந்தும் குறைவு. அதற்குத் தனியாக வாயில் கொடுங்கள். ஒரு புறா சாதாரண நாளில் 40 முதல் 60 மி.லி. வரை குடிக்கும், கத்திரி வெயிலில் அதைவிட நிறையக் குடிக்கும். வெயில் காலத்தில் அதே கலவை அதிக மருந்தாகிவிடும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். மருந்து நீர் வைத்திருக்கும்போது கூண்டில் வேறு தண்ணீர் இருக்கக் கூடாது, குளிக்கும் தொட்டி உட்பட.

இனி நான் விழுந்ததும், மற்றவர்கள் விழுந்ததுமான பள்ளங்கள்.

ஆடு மாடுகளுக்கும் மனிதருக்கும் எளிதாகக் கிடைக்கும் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் குடற்புழு மருந்துகளைப் புறாவுக்குக் கொடுக்காதீர்கள். புறா இனத்துக்கு இவை எலும்பு மஜ்ஜையையும் வளரும் இறகுகளையும் கெடுக்கக்கூடியவை. பந்தயப் புறாவுக்கு இறகு கெட்டால் அந்த ஆண்டு போயிற்று. புழுவுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

காக்ஸிடியாவுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் வைட்டமின் பி டானிக் கூடாது. அந்த மருந்து வேலை செய்வதே ஒட்டுண்ணிக்குத் தயமின் என்ற வைட்டமின் பி1-ஐக் கிடைக்கவிடாமல் செய்துதான். டானிக் ஊற்றினால் மருந்தின் வேலையை நீங்களே கெடுக்கிறீர்கள். அதேபோல டாக்சிசைக்ளின் எழுதியிருந்தால் அந்த நாட்களில் கிளிஞ்சல், கிரிட் என்னும் சிறுகல் கலவை, கால்சியம் அனைத்தையும் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது.

உறையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். எழுதிய நாள் முழுக்கக் கொடுங்கள். மூன்றாம் நாள் குஞ்சு தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால், அடுத்த முறை அதே மருந்து கேட்காத கிருமிதான் உங்கள் கூண்டில் மிஞ்சும். “ஐந்து நோய்க்கும் ஒரே பொடி” என்று விற்பவற்றைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

பூண்டு நீர், மஞ்சள், வினிகர் பற்றி நிறையக் கேட்பீர்கள். நலமான கூட்டத்துக்கு அளவாகக் கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. விழுந்து கிடக்கும் குஞ்சுக்கு அவை சிகிச்சையாகாது. வினிகர் கலந்த நீரைத் தகரப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். பூச்சிலுள்ள துத்தநாகம் கரைந்து நஞ்சாகும்.

7. மற்ற குஞ்சுகளும் கூண்டும்

நோய்க்குஞ்சைக் கடைசியாகக் கவனியுங்கள். முதலில் நலமானவை, பிறகு நோயுற்றவை, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவல். பாத்திரங்கள் தனித்தனி. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துங்கள். இரண்டு செட் இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று உள்ளே இருக்கும். கூண்டைச் சுரண்டும்போது முகக்கவசம் கட்டாயம். எச்சத் தூளும் இறகுத் தூளும் ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைப் பாதிக்கும்.

நெருக்கத்தைக் குறையுங்கள். எத்தனை குஞ்சுகளுக்கு இடம் இருக்கிறதோ அதைவிட ஒன்றிரண்டு குறைவாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. சந்தையில் வாங்கியது, வழிதவறி வந்து இறங்கியது எதுவானாலும் 30 நாள் தனிக்கூண்டு. எங்கள் தெருவின் மூத்த புறாக்காரர் ஒருவர் ஒருநாள் என் கூண்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, அந்த நீலக் கட்டம் எப்போது வந்தது?” என்று கேட்டார். சிறகில் நீலக் கட்டம் போட்ட அந்தப் புதுப் புறா வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முதல் குஞ்சு சோர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

8. தடுப்பூசி

பாராமிக்ஸோவுக்கு மட்டுமாவது கட்டாயம் போடுங்கள். ஐந்து, ஆறு வார வயதில் முதல் முறை, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது முறை என்று மருத்துவர்கள் வழக்கமாகத் திட்டமிடுவார்கள். முதல் பயிற்சிக் கூடைக்கு முன் இரண்டும் முடிந்திருக்க வேண்டும். தை, மாசிப் பந்தயத்துக்குத் தயாராகும் குஞ்சுக்கு மார்கழியில் ஓடிப்போய்ப் போட்டால் நேரம் போதாது.

எந்தத் தடுப்பூசி என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வருவதும் பாராமிக்ஸோ வகைக் கிருமியால்தான். அதற்கான தடுப்பு மருந்துகளில் வீரியம் கூடியவையும் உண்டு, குறைந்தவையும் உண்டு. முகாமில் கோழிக்குப் போடுகிறார்களே என்று அதையே இளங்குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். லசோட்டா என்ற, உயிருள்ள கிருமி கொண்ட வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து பல பறவைகளுக்குச் சேர்த்து ஒரே குப்பியாகத்தான் வரும். கலந்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பக்கத்துக் கூண்டுக்காரர்களோடு சேர்ந்து வாங்கினால் தலைக்குச் சில ரூபாய்தான். கடையிலிருந்து வீடு வரை பனிக்கட்டிப் பெட்டியிலேயே வர வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலந்தால் மருந்து செத்துவிடும். காய்ச்சல், கழிச்சல் உள்ள குஞ்சுக்கு எந்தத் தடுப்பூசியும் கூடாது.

9. குஞ்சு இறந்துவிட்டால்

வருத்தத்தோடு உடனே புதைத்துவிடாதீர்கள். மற்ற குஞ்சுகளைக் காப்பாற்றும் விடை அந்த உடலில் இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, பனிக்கட்டி வைத்த பெட்டியில், அன்றோ மறுநாள் காலையோ பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். உறைபெட்டியில் வைத்தால் திசுக்கள் சிதைந்து பார்க்க முடியாமல் போகும். கையுறை அணியுங்கள். ஒரே நாளில் பல புறாக்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் இறந்தால் எதையும் தொடாமல் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக்காய்ச்சல் அல்ல என்று அவர்கள்தான் உறுதி செய்ய வேண்டும்.

10. தேறிய குஞ்சை மீண்டும் பறக்க விடுவது

மருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி எச்சப் பரிசோதனை செய்யுங்கள். சுத்தம் என்று வந்து, எடையும் பழைய அளவுக்கு ஏறிய பிறகு கூட்டத்தில் சேருங்கள். முதல் நாட்களில் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் போதும். மற்றவை அரை மணி பறந்துகொண்டிருக்கும்போது இது முன்னதாக இறங்கினால் கொடியசைத்து விரட்டாதீர்கள், இறங்க விடுங்கள். கூட்டத்தோடு சேர்ந்து முழு நேரமும் தானாகவே பறந்து, வாய் பிளக்காமல் இறங்கி இரைக்கு ஓடிவரும் நாள் வந்தபின் இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பயிற்சிக் கூடையில் ஏற்றுங்கள்.

என் பத்தில் ஒன்று, 290 கிராமுக்கு இறங்கிப்போன சாம்பல் பெட்டை. ஏழு வாரம் வீட்டு மேலேயே பறக்கவிட்டேன். 410 கிராம் வந்த பிறகு கும்மிடிப்பூண்டியில் மற்ற ஒன்பதோடு விட்டேன். ஒன்பதும் ஒன்றாக வந்து இறங்கின. அது 40 நிமிடம் கழித்துத் தனியாக வந்தது. அந்த வாரம் அதற்கு ஓய்வு கொடுத்தேன். அடுத்த கூட்டத்தோடுதான் அது சூளூர்பேட்டைக்குப் போயிற்று.